கேலிக் கோல்கீப்பர் அமெரிக்காவுக்குப் போகலாமா? நான்கு வழிகள், ஓர் ஒப்பீடு

2025 நவம்பர் 30 அன்று மயாமியில் நியூ ஆர்லியன்ஸ் செயின்ட்ஸ் அணி 21-17 என்று தோற்றது. தோற்ற அணியின் கிக்கர், அதாவது கம்பங்களை நோக்கிப் பந்தை உதைப்பவர், சார்லி ஸ்மித். அமெரிக்க ஃபுட்பாலின் முதன்மை லீக்கான என்.எஃப்.எல்லில் அவருக்கு அதுதான் முதல் லீக் ஆட்டம். 56 யார்டிலிருந்து, அதாவது 51 மீட்டருக்குச் சற்று மேலான தூரத்திலிருந்து, கம்பங்களுக்கு நடுவே பந்தை அனுப்பினார். அதே ஆட்டத்தில் அவர் உதைத்த ஆன்சைடு கிக்கை, அதாவது தன் அணியே திரும்பப் பிடிப்பதற்காகக் குட்டையாக உதைக்கும் பந்தை, அவருடைய அணியே கைப்பற்றியது. அது எப்போதாவதுதான் பலிக்கும். 2023 வரை அவர் அயர்லாந்துத் தீவின் டவுன் கவுன்ட்டியில் (கவுன்ட்டி என்பது நம் மாவட்டம் போல), மேயோபிரிட்ஜ் கிளப்பில் கேலிக் ஃபுட்பால் ஆடிக்கொண்டிருந்த கோல்கீப்பர். ஆசிரியர் வேலைக்குப் படித்துக்கொண்டிருந்தவர்.

அதைப் பார்த்த பிறகு எல்லோரும் கேட்பது ஒரே கேள்விதான்: நல்ல காலுள்ள அயர்லாந்துப் பையன்கள் எல்லாம் இந்த வழியில் போகலாமா? அல்லது ஸ்மித்துக்கு அடித்தது வெறும் அதிர்ஷ்டமா?

கேலிக் ஃபுட்பால் பார்த்திராதவர்களுக்கு ஒரு சின்ன அறிமுகம். ஒரு பக்கம் 15 பேர், உருண்டைப் பந்து, கையாலும் காலாலும் ஆடலாம். கோல் கம்பம் ஆங்கில எழுத்து 'எச்' வடிவில் இருக்கும். குறுக்குக் கம்பிக்குக் கீழே வலைக்குள் போனால் 3 புள்ளி, மேலே போனால் 1. 2025-இல் வந்த புதிய விதிப்படி 40 மீட்டர் வளைவுக்கு வெளியிலிருந்து மேலே அனுப்பினால் 2. டப்ளினின் குரோக் பார்க்கில் 82,000 பேர் கூடிப் பார்க்கும் இறுதி ஆட்டத்திலும் ஆடுகிறவர் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. மறுவாரம் அவர் பள்ளிக்கூடத்துக்கோ வங்கிக்கோ வேலைக்குப் போய்விடுவார்.

ஒப்பிடுவதற்கு ஒரு கற்பனைப் பையனை வைத்துக்கொள்வோம். வயது 21. கவுன்ட்டி அணியில் கோல்கீப்பர். தரையில் பந்தை வைத்து 50 மீட்டர் அடிப்பான். கல்லூரிப் படிப்பு முடிய இன்னும் ஒரு வருடம். நம் வீட்டுப் பிள்ளை என்றால் என்ன சொல்வோம்?

## முதலில் எதை வைத்து அளப்பது?

எவ்வளவு தூரம் அடிப்பான் என்பதை எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நான் அதைக் கடைசியில் வைப்பேன். தூரம் இல்லாத பையனுக்கு இந்தக் கேள்வியே வராது.

முதல் அளவுகோல், எந்தத் திறமை அப்படியே கூட வரும் என்பது. நிற்கும் பந்தை உதைப்பவனா, ஓடிக்கொண்டே கையிலிருந்து உதைப்பவனா, உயரக் குதித்துப் பந்து பிடிப்பவனா? மூன்று பேருக்கும் ஒரே வழி பொருந்தாது.

இரண்டாவது வயது. சில கதவுகள் இருபதிலேயே மூடிவிடும், சில முப்பது வரைகூடத் திறந்திருக்கும். பெரும்பாலானோர் தப்புக் கணக்குப் போடுவது இங்கேதான்.

மூன்றாவது பணம். அதில் ஒப்பந்தத் தொகையைவிட, வேலை போனால் கையில் என்ன மிஞ்சும் என்பது பெரிய கேள்வி. நான்காவது, ஒரு தப்பு செய்தால் எவ்வளவு பொறுப்பார்கள் என்பது. கடைசியாக, திரும்பி வந்தால் ஊரில் இடம் இருக்குமா, போன வருடங்களில் ஊரில் எதை இழந்திருப்பான் என்பது.

## வழி 1: ஊரிலேயே இருப்பது

இதை ஒரு வழியாகவே பலரும் கணக்கில் சேர்ப்பதில்லை. கெர்ரி கவுன்ட்டியின் நட்சத்திர ஆட்டக்காரர் டேவிட் கிளிஃபர்டை நினைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலிய கிளப்புகள் அவர்மேல் கண் வைத்திருந்தன. அவர் போகவில்லை. ஆசிரியராக வேலை பார்த்துக்கொண்டே 2022-இலும் 2025-இலும் கெர்ரியோடு, கவுன்ட்டிகளுக்கு இடையிலான உச்சப் பட்டமான ஆல் அயர்லாந்து பட்டம் வென்றார். அந்த ஆட்டத்தின் உச்சியிலேயே நிற்பவனுக்கு வெளிநாடு எதைக் கொடுத்தாலும் ஈடாகுமா என்பது சந்தேகம்தான்.

கோல்கீப்பருக்கு இப்போது இன்னொரு காரணமும் உண்டு. 40 மீட்டருக்கு அப்பாலிருந்து அடித்தால் 2 புள்ளி என்ற விதி வந்ததும், நீண்ட ஃப்ரீ கிக் அடிக்கும் கீப்பர்களின் மதிப்பு ஏறிவிட்டது. மோனகன் கவுன்ட்டியின் கீப்பர் ரோரி பெகன் 2024-இல் என்.எஃப்.எல் தேர்வுக்குப் போய், இண்டியானாபொலிஸில் தேர்வாளர்கள் முன்னால் உதைத்துக் காட்டினார். ஒப்பந்தம் கிடைக்கவில்லை. அதே வருடம் மோனகனுக்குத் திரும்பினார். அடுத்த வருடமே அவர் காலுக்கென்றே எழுதியது போல இந்த விதி வந்தது. அமெரிக்கா வேண்டாம் என்று சொன்ன காலுக்கு ஊரில் இரட்டை மதிப்பு.

இங்கே மறைந்திருக்கும் செலவு நேரம். வாரத்தில் மூன்று நான்கு மாலைகள் பயிற்சிக்குப் போய்விடும். டப்ளினில் வேலை பார்ப்பவன் சாயங்காலம் காரை எடுத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் ஓட்டி, பயிற்சி முடித்து, நடுநிசியில் திரும்புவான். பெட்ரோல் படி உண்டு, அரசின் சிறிய உதவித்தொகை உண்டு. அது சம்பளம் ஆகாது. எந்த வேலையை எடுப்பது, எந்த ஊரில் இருப்பது என்பதையெல்லாம் ஆட்டத்துக்கு ஏற்றபடிதான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். கவுன்ட்டி வீரர்களில் இத்தனை ஆசிரியர்கள் இருப்பது சும்மா இல்லை.

## வழி 2: என்.எஃப்.எல்லின் சர்வதேசப் பாதை

2017-இல் என்.எஃப்.எல் இதைத் தொடங்கியது. வெளிநாட்டு விளையாட்டு வீரர்களைத் தேர்ந்தெடுத்து, வருட ஆரம்பத்தில் ஃப்ளோரிடாவில் சில வாரங்கள் பயிற்சி கொடுத்து, மார்ச்சில் அணிகளின் தேர்வாளர்கள் முன் நிறுத்துவார்கள். பிடித்தால் ஏதாவது ஓர் அணி எடுக்கும், இல்லையென்றால் வீட்டுக்கு டிக்கெட். ஸ்மித் 2024-இல் வந்தது இப்படித்தான். அவரைக் கண்டெடுத்துப் பழக்கியவர் டைக் லீடர் என்ற முன்னாள் ரக்பி வீரர்.

இந்த வழி கோல்கீப்பருக்கு ஏன் பொருந்துகிறது, எங்கே உதைக்கிறது என்பதைப் பார்க்க ஒரே ஓர் உதையைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

கேலிக்கில் தடுப்பாட்டக்காரர் தொட்டுப் பந்து எல்லைக் கோட்டைத் தாண்டிவிட்டால், எதிரணிக்கு 45 மீட்டர் கோட்டிலிருந்து ஓர் உதை கிடைக்கும். பல அணிகளில் அதை அடிப்பவர் கோல்கீப்பர். தன் கோலிலிருந்து மைதானம் முழுக்க ஓடி வருவார். புல்லைக் காலால் தட்டிச் சமன் செய்வார். தன் கையாலேயே பந்தை வைப்பார், வால்வு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்பதுகூட அவர் இஷ்டம். நான்கைந்து அடி பின்னால் போய், கொடி எந்தப் பக்கம் பறக்கிறது என்று பார்த்து, மூச்சு விட்டு, அடிப்பார். முதலிலிருந்து கடைசி வரை எல்லாம் அவர் கையில்.

என்.எஃப்.எல் ஃபீல்டு கோலில், அதாவது கம்பங்களுக்கு நடுவே பந்தை உதைத்து அனுப்பும் முயற்சியில், பந்து கிக்கரின் கைக்கு வரவே வராது. லாங் ஸ்னாப்பர் கால்களுக்கு நடுவே ஏழெட்டு யார்டு பின்னால் வீசுகிறார். ஹோல்டர் முட்டி போட்டுப் பிடித்து, தரையில் நிறுத்தி, தையல் முன்பக்கம் போகும்படி திருப்புகிறார். பந்து தரையைத் தொடுவதற்குள்ளேயே கிக்கர் ஓட ஆரம்பித்திருக்க வேண்டும். வீசியதிலிருந்து காலில் படும் வரை ஏறத்தாழ 1.3 நொடி. அதைத் தாண்டினால் பாய்ந்து வருகிற பதினொரு பேரில் ஒருவன் கை நீட்டித் தட்டிவிடுவான். கம்பங்களும் வேறு: கேலிக்கில் இடைவெளி 6.5 மீட்டர், என்.எஃப்.எல்லில் 5.64. குறுக்குக் கம்பி 2.5 மீட்டரிலிருந்து 3.05-க்கு ஏறிவிடும். கிட்டத்தட்ட ஒரு மீட்டர் ஒடுங்கிய வாசல், அரை மீட்டர் உயர்ந்த படி.

காலின் வீச்சு அப்படியே கூட வரும். நேரம் எடுத்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் வராது. வருடக்கணக்கில் தரையிலிருந்து கிக் அவுட் (கோல் பக்கத்திலிருந்து ஆட்டத்தைத் திரும்பத் தொடங்கும் உதை) அடித்துப் பழகிய கீப்பர்களைத் தேர்வாளர்கள் தேடுவதும், கையிலிருந்து உதைத்தே பழகிய ஃபார்வர்டுகளை அவ்வளவாகத் தேடாததும் இதனால்தான். 2024-இல் என்.எஃப்.எல்லின் கிக்ஆஃப் (ஆட்டத்தைத் தொடங்கும் உதை) விதிகள் மாறியதும் கீப்பர்களுக்குச் சாதகம். பந்தை எல்லைக்கு வெளியே அடித்து வீசுவதைவிட, குறிப்பிட்ட ஒரு பகுதிக்குள் இறக்குவது இப்போது முக்கியம். ஓடும் ஆளின் நெஞ்சுக்கு நேராக 50 மீட்டரில் பந்தை இறக்குவது கேலிக் கீப்பரின் அன்றாட வேலை.

சரி, பணம். பிராக்டிஸ் ஸ்குவாடில், அதாவது அணியோடு பயிற்சி செய்தாலும் ஆட்டத்தில் இடமில்லாத காத்திருப்புப் பட்டியலில், இருக்கும் புதியவருக்கு 2025-இல் வாரம் குறைந்தது 13,000 டாலர். சீசன் 18 வாரம், முழுதாக இருந்தால் 2,34,000 டாலர். ஓர் இளம் ஆசிரியர் பல வருடம் உழைத்தாலும் சேராத தொகை. பிரதான அணிக்குப் போனால், அதே 2025 கணக்கில், முதல் வருடக் குறைந்தபட்சச் சம்பளமே 8,40,000. வாயைப் பிளக்க வைக்கிற எண்கள்தான்.

ஆனால் எல்லாமே 'இருந்தால்' என்ற சொல்லில் தொங்குகின்றன. இது வாரச் சம்பளம். செவ்வாய்க்கிழமை கூப்பிட்டு 'நன்றி' சொன்னால் அடுத்த வாரம் பூஜ்யம். மத்திய வரி ஒரு பக்கம். ஆட்டத்துக்குப் போகிற மாநிலங்கள் தனித்தனியே கேட்கும் வரி இன்னொரு பக்கம். ஏஜென்ட்டுக்கு 3 சதவீதம் வரை. விசாவும் வேலையோடு ஒட்டிக்கொண்டது. ஓர் அணிக்கு ஒரு கிக்கர்தான், 32 அணிகளுக்கு 32 பேர். வெளிநாட்டு வீரருக்கென்று ஒவ்வோர் அணியின் பிராக்டிஸ் ஸ்குவாடிலும் கூடுதலாக ஓர் இடம் இருப்பதால்தான் கால் வைக்கவாவது முடிகிறது. அந்த இடத்தில் உட்கார்ந்துதான் ஸ்மித் 2024 சீசனைக் கழித்தார். 2024 ஆகஸ்டில் அரிசோனாவுக்கு எதிராகச் சீசனுக்கு முந்தைய ஆட்டத்தில் 37 யார்டிலிருந்து கடைசி உதை அடித்து 16-14 என்று ஜெயிக்க வைத்தார். அதற்குப் பிறகும் லீக் ஆட்டத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் காத்திருந்தார்.

பொறுமை எவ்வளவு என்று கேட்டால் டெர்ரி கவுன்ட்டியிலிருந்து போன கிக்கர் ஜூட் மெக்அடம்னியைப் பாருங்கள். 2025 அக்டோபர் 19, டென்வர். நியூயார்க் ஜயன்ட்ஸ் நான்காவது கால் பகுதிக்குள் 19-0 என்று முன்னிலையோடு நுழைந்தது. முடிவு 33-32, தோல்வி. ஜயன்ட்ஸின் கிக்கரான அவர் அன்று இரண்டு எக்ஸ்ட்ரா பாயின்ட் உதைகளை (டச்டவுனுக்குப் பிறகு ஒரு புள்ளிக்காக அடிப்பது) தவறவிட்டிருந்தார். தோல்விக்கும் வெற்றிக்கும் இடையே இருந்தது ஒரு புள்ளி. சில நாட்களில் அவர் அணியில் இல்லை. அந்த ஆட்டத்தைக் கோட்டைவிட்டதில் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு என்று நான் நினைக்கிறேன். ஆனால் கிக்கரின் தப்புதான் ஸ்கோர்போர்டில் தெரியும்.

இன்னும் இரண்டு செலவுகளை யாரும் ஒப்பந்தத்தில் பெரிய எழுத்தில் போடுவதில்லை. ஒன்று, ஆடுவதே குறைந்துவிடும். கேலிக் கீப்பர் 70 நிமிடமும் ஆட்டத்துக்குள் இருப்பவர், கத்துவார், பந்து பிடிப்பார், முன்னேறி ஓடுவார். என்.எஃப்.எல் கிக்கர் மூன்று மணி நேர ஆட்டத்தில் சில நிமிடம் களத்தில் இருப்பார், மீதி நேரம் ஓரத்தில் வலைக்குள் உதைத்துக் காலைச் சூடாக வைத்திருப்பார். ஆட்டத்தை ஆசை ஆசையாக ஆடியவனுக்கு இது லேசான விஷயம் கிடையாது. இரண்டாவது, என்.எஃப்.எல்லின் வழக்கமான ஒப்பந்தப்படி காயம் ஏற்படக்கூடிய வேறு விளையாட்டை அணியின் அனுமதி இல்லாமல் ஆடக் கூடாது. லீவுக்கு ஊருக்கு வந்து கிளப்புக்காக ஓர் ஆட்டம் என்ற பேச்சுக்கே இடமில்லை. 2024 ஜூலையில் டவுன் கவுன்ட்டி குரோக் பார்க்கில் லாவீஸ் கவுன்ட்டியை வென்று, இரண்டாம் நிலைக் கவுன்ட்டிகளுக்கான டெய்ல்டன் கோப்பையைத் தூக்கியது. அந்த அணியில் ஸ்மித் இல்லை.

இந்த வழியின் பெரிய லாபம் வயது. என்.எஃப்.எல் கிக்கர் ஆடம் வினாட்டியேரி 46 வயது வரை உதைத்தார். பெகன் தேர்வுக்குப் போனபோது முப்பதைத் தாண்டியிருந்தார். படிப்பை முடித்துவிட்டு 23-இல் போனாலும் கதவு திறந்தே இருக்கும். 'இப்போதே போகவில்லை என்றால் போச்சு' என்று யாராவது அவசரப்படுத்தினால், கிக்கர் விஷயத்தில் நம்ப வேண்டாம்.

## வழி 3: அமெரிக்கக் கல்லூரி

மெக்அடம்னி வந்தது இந்த வழியில். வட கரோலினாவில் சோவன் என்ற சிறிய பல்கலைக்கழகம், அங்கிருந்து நியூஜெர்சியின் ரட்கர்ஸ், அப்புறம் 2024-இல் ஜயன்ட்ஸ். கெர்ரியின் காசில்ஐலண்டைச் சேர்ந்த டேவிட் ஷானஹன் ஆஸ்திரேலியாவின் ப்ரோகிக் என்ற பயிற்சி அமைப்பு வழியாக ஜார்ஜியா டெக் கல்லூரியின் பன்ட்டர், அதாவது பந்தைக் கையிலிருந்து உதைத்து எதிரணியிடம் தூரத்தில் ஒப்படைப்பவர், ஆனார். 2024 ஆகஸ்டில் அந்த அணி டப்ளினுக்கே வந்து ஃப்ளோரிடா ஸ்டேட் கல்லூரி அணியை 24-21 என்று தோற்கடித்தது.

இந்த வழியில் கற்றுக்கொள்ள நேரம் கிடைக்கும். அந்த 1.3 நொடியைப் பழக மூன்று நான்கு சீசன், நிரம்பி வழியும் மைதானங்களில் உண்மையான ஆட்டங்கள், கடைசியில் கையில் ஒரு பட்டம். என்.எஃப்.எல் எடுக்காவிட்டாலும் முழுக்க நஷ்டம் என்று சொல்ல முடியாது. கையிலிருந்து உதைப்பதில் வல்லவனுக்கு, அதாவது கிக்கரைவிடப் பன்ட்டராகப் பொருந்துகிறவனுக்கு, இதுதான் இயல்பான பாதை. இப்போது கிரீன் பே பேக்கர்ஸின் பன்ட்டராக இருக்கும் டேனியல் வீலன் விக்லோவில் பிறந்தவர். பதின்ம வயதில் குடும்பத்தோடு கலிஃபோர்னியா போய், யு.சி. டேவிஸ் கல்லூரியில் ஆடி, 2023-இல் என்.எஃப்.எல்லுக்கு வந்தார். 1985-இல் நீல் ஓ'டோனஹியூ ஓய்வு பெற்ற பிறகு அந்த லீக்கில் ஆடிய முதல் அயர்லாந்துப் பிறப்பு அவர்தான்.

செலவு? கிக்கர்களுக்கு எல்லாக் கல்லூரியும் முழு ஸ்காலர்ஷிப் கொடுப்பதில்லை. கொடுக்காத இடத்தில் சேர்ந்தால் அமெரிக்கக் கட்டணம் குடும்பத்தின் தலையில். 2021 முதல் கல்லூரி வீரர்கள் தங்கள் பெயரையும் முகத்தையும் வைத்து விளம்பரப் பணம் சம்பாதிக்கலாம் என்றாகிவிட்டது. ஆனால் மாணவர் விசாவில் வந்தவருக்கு வேலைக் கட்டுப்பாடுகள் இருப்பதால் பக்கத்து லாக்கர்க்காரன் வாங்கும் பணத்தை இவன் வேடிக்கைதான் பார்க்க வேண்டும். நம் கற்பனைப் பையனுக்கு இன்னொரு சிக்கல்: அவன் ஏற்கெனவே மூன்று வருடம் கல்லூரியில் படித்துவிட்டான். ஒருவர் எத்தனை வருடம் கல்லூரி அளவில் ஆடலாம் என்ற கணக்கு முதலில் கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்தே ஓட ஆரம்பிப்பது உண்டு. இந்த வழி 18 வயதுக்காரனுக்கு. 21-இல் ஏறினால் பாதி பஸ் போய்விட்டது.

## வழி 4: ஆஸ்திரேலியா

என்.எஃப்.எல் பற்றிப் பேசும்போது இதைச் சேர்ப்பது ஏன் என்று தோன்றலாம். சேர்க்காவிட்டால் கணக்கு பொய்யாகிவிடும். கேலிக் ஃபுட்பாலின் நெருங்கிய சொந்தம் ஆஸ்திரேலிய ஃபுட்பால்தான். ஓட்டம், உயரப் பிடிப்பது, ஓடிக்கொண்டே உதைப்பது எல்லாம் அங்கே செல்லும். பந்து மட்டும் நீள்வட்டம்.

வரலாறும் நீளமானது. டப்ளினின் ஜிம் ஸ்டைன்ஸ் 1984-இல் மெல்பர்னுக்குப் போனார். 1987 அரையிறுதிக் கட்ட ஆட்டத்தின் கடைசி நொடிகளில், ஃப்ரீ கிக் அடிக்கத் தயாராக இருந்த எதிராளியின் முன்னால் குறுக்கே ஓடிவிட்டார். அது விதி மீறல். 15 மீட்டர் முன்னேற்றம் கிடைத்து ஹாதார்ன் அணி ஜெயித்தது, மெல்பர்ன் இறுதி ஆட்டத்தைக் கோட்டைவிட்டது. ஆனால் அவரை யாரும் வீட்டுக்கு அனுப்பவில்லை. நான்கு வருடம் கழித்து 1991-இல் அந்த லீக்கின் சிறந்த வீரருக்கான பிரவுன்லோ பதக்கம் வாங்கினார். டென்வரில் மெக்அடம்னிக்கு நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஆஸ்திரேலிய கிளப் ஒரு பையனைப் பல வருடத் திட்டத்தோடு எடுக்கிறது. என்.எஃப்.எல் அணி அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்காக எடுக்கிறது.

லாவீஸின் சாக் டூஹி 288 ஆட்டம் ஆடி, 2022-இல் ஜீலாங்குடன் பட்டமும் வென்றார். கெர்ரியின் டைக் கென்னலி 2005-இல் சிட்னி ஸ்வான்ஸுடன் பட்டம் வென்று, ஊருக்குத் திரும்பி, 2009-இல் கெர்ரியுடன் ஆல் அயர்லாந்தும் வென்றார். ஹாதார்னிலிருந்து 2020-இல் திரும்பிய கோனர் கிளாஸ், தன் ஊர் கிளப்பான கிளென்னோடு 2024 ஜனவரியில் ஆல் அயர்லாந்து கிளப் பட்டம் வென்றார். திரும்பி வருபவர்கள் போனபோது இருந்ததைவிடப் பலமான ஆட்டக்காரர்களாக வருகிறார்கள். முழுநேர உடற்பயிற்சி, முழுநேர ஆட்டம். கிக்கர் நான்கு வருடம் கழித்துத் திரும்பினால் கால் கூர்மையாக இருக்கும், ஆனால் ஆட்டத்தை வாசிக்கும் கண் துருப்பிடித்திருக்கும் என்பது என் ஊகம்.

குறை என்னவென்றால், ஆரம்பச் சம்பளம் என்.எஃப்.எல் பிராக்டிஸ் ஸ்குவாடைவிடக் குறைவு. தூரம் அதிகம். விமானத்தில் ஒரு நாள் போய்விடும், வீட்டில் போன் எடுக்கும் நேரத்தில் இவன் தூங்கிக்கொண்டிருப்பான். தனிமை தாங்காமல் திரும்பிய பையன்கள் பலர். அங்கே கிளப்புகள் தேடுவது பெரும்பாலும் 18, 19 வயதுக்காரர்களை. உயரமாக, வேகமாக ஓடுகிறவர்களை. நம் கீப்பர் பையன் 21-இல் அங்கே வரிசையின் கடைசியில் நிற்பான். அவன் தங்கை கேலிக் ஆடுகிறாள் என்றால் கதை வேறு: பெண்களுக்கான லீக்கில் மேயோவின் கோரா ஸ்டான்டன் தொடங்கி அயர்லாந்து வீராங்கனைகள் வரிசையாகப் போயிருக்கிறார்கள், என்.எஃப்.எல்லில் அப்படி ஒரு கதவே கிடையாது.

## ஒரே பார்வையில்

| | ஊர் | என்.எஃப்.எல் சர்வதேசப் பாதை | அமெரிக்கக் கல்லூரி | ஆஸ்திரேலியா |
|---|---|---|---|---|
| யாருக்கு | அணியின் தூணாக இருப்பவர் | தரையிலிருந்து உதைக்கும் கீப்பர் | பன்ட்டர், இளம் கிக்கர் | ஓடி ஆடுகிறவர் |
| ஏற்ற வயது | எப்போதும் | 21 முதல் முப்பது வரைகூட | 18, 19 | 18 முதல் 20 |
| பணம் | படி, சிறு உதவித்தொகை | மிக அதிகம், வாரக் கணக்கு | ஸ்காலர்ஷிப் கிடைத்தால் படிப்புச் செலவு | நடுத்தரம், ஒப்பந்தக் காலம் முழுக்க |
| தப்புக்குப் பொறுமை | ஊர் திட்டும், விடாது | மிகக் குறைவு | ஓரளவு | வருடங்கள் |
| திரும்பி வருதல் | தேவையில்லை | முடியும், ஆட்டம் விட்டுப்போயிருக்கும் | பட்டத்தோடு | பலமாக வருவார் |

## யாருக்கு எது?

நம் கற்பனைப் பையனுக்கு என் பதில்: படிப்பை முடிக்கட்டும், கீப்பராக ஆடிக்கொண்டே அமெரிக்கப் பந்தைப் பழகட்டும், 22 அல்லது 23-இல் சர்வதேசப் பாதைக்கு விண்ணப்பிக்கட்டும். கதவு அவசரமாக மூடாது. ஒரு தேர்வில் தேறவில்லை என்றால் போனது சில மாதங்கள்தான். பெகனைப் போல அதே கோடையில் ஊர் ஜெர்சி போட்டுக்கொள்ளலாம். நான்கு வழிகளில் 'முயன்று பார்த்துத் திரும்புவது' இவ்வளவு மலிவாக இருப்பது இதில்தான். தேறிய பிறகுதான் விலை ஏறுகிறது.

அவனே 18 வயதுப் பையன், கையிலிருந்து 60 மீட்டர் உதைக்கிறான் என்றால் கல்லூரி. உயரமான மிட்ஃபீல்டர், மூச்சு வாங்காமல் ஓடுகிறான், தரையில் பந்து வைத்து உதைத்ததே இல்லை என்றால் என்.எஃப்.எல்லை மறந்துவிட்டு ஆஸ்திரேலியத் தேர்வுக்குப் போகட்டும், அதையும் தள்ளிப்போடாமல். ஏற்கெனவே ஆல் அயர்லாந்து பட்டத்துக்குப் போட்டியிடும் அணியில் முதல் ஆள் என்றால் எனக்கு கிளிஃபர்ட் செய்ததே சரியாகப் படுகிறது. ஆனால் வீட்டில் கடன் இருக்கிறது, இரண்டு சீசன் டாலர் சம்பளம் வாழ்க்கையையே மாற்றும் என்றால் யாரும் குறை சொல்ல முடியாது.

கனடாவின் லீக்கும் உண்டு. வெளிநாட்டு வீரர்களுக்கென்று தனித் தேர்வு வைத்து, அதில் உதைப்பவர்களை விரும்பி எடுக்கிறார்கள். சம்பளம் என்.எஃப்.எல் பக்கத்தில்கூட வராது, ஆனால் உண்மையான ஆட்டங்கள் கிடைக்கும். என்.எஃப்.எல் தேர்வில் நூலிழையில் தவறியவருக்கு அது இரண்டாவது கதவு.

## விண்ணப்பிக்கும் முன்

பந்துத் தாங்கியில் பந்தை நிறுத்தி 55 யார்டு அடித்த வீடியோவை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது கேலிக் உதையின் நீட்சிதான். ஒரு நண்பனை ஹோல்டராக முட்டி போடவைத்து, இன்னொருவனைப் பின்னால் வீசச் சொல்லி, போனில் நேரம் பார்த்து அடிக்க வேண்டும். 1.3 நொடிக்குள் 40 யார்டிலிருந்து பத்துக்கு எட்டு போகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மழையில், காற்றில், குளிர்ந்த பந்தில் அதையே திரும்ப அடிக்க வேண்டும். அயர்லாந்தில் அதற்குத் தனியாக ஏற்பாடு எதுவும் தேவைப்படாது.

அப்புறம் காகித வேலை. வேலையில் சேர்ந்திருந்தால் ஒரு வருடச் சம்பளமில்லா விடுப்பு கிடைக்குமா என்று எழுத்தில் கேட்க வேண்டும். அமெரிக்காவில் கையெழுத்துப் போடும் முன் இரண்டு நாட்டு வரியும் தெரிந்த கணக்காளர் ஒருவரிடம் பேச வேண்டும். ஏஜென்ட் கொடுக்கும் தாளில் மொத்தத் தொகையைப் பார்க்காமல், இதில் எத்தனை டாலர் உறுதி என்று மட்டும் கேட்க வேண்டும். பிராக்டிஸ் ஸ்குவாட் என்றால் பதில் அநேகமாக ஒரு வாரச் சம்பளமாக இருக்கும். கவுன்ட்டி மேனேஜரிடம் ஜனவரிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும், சீசன் தொடங்குவது ஜனவரியில் என்பதால் அவர் இன்னொரு கீப்பரைத் தயார் செய்யவும் நேரம் வேண்டும்.